ஜாக்கி தூக்கும், கட்டைதான் தாங்கும்

கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டு வைத்துக்கொண்டு பொறுமையாகப் படியுங்கள். வீட்டில் கார் வைத்திருக்கிறவர்கள் அவசியம் கடைசி வரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை நாவலூரிலேயே ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போயிருந்தேன். என்னிடம் படித்த பையன். பையன் என்ன, இப்போது நாற்பதை நெருங்கிவிட்டான். குழந்தைக்குக் காது குத்து, பத்திரிகை வாங்கிப் போங்க டீச்சர் என்று அழைத்திருந்தான். கீழே கார் நிறுத்தும் இடத்தில் ஒரு சிவப்புக் கார். இரண்டே சீட்டு, தரையோடு தரையாகப் படுத்திருக்கிற ஸ்போர்ட்ஸ் கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"டேய், வெளிய வாடா!" என்று நான் போட்ட சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

அவன் சிரித்துக்கொண்டே ஊர்ந்து வந்தான். "பயப்படாதீங்க டீச்சர். ஜாக்கி மூணு டன் தாங்கும். வண்டி ஒரு டன்தான்" என்றான். குனிந்து பார்த்தேன். ஒரு ஜாக்கி. அதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. சக்கரத்துக்கு ஒரு கல்கூட வைக்கவில்லை.

"கார் தூக்குறதுல உங்களுக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்று அவன் கேட்கவில்லை. மரியாதைக்காரப் பிள்ளை. ஆனால் முகத்தில் அந்தக் கேள்வி இருந்தது. அதற்குப் பதில்தான் இந்தப் பதிவு.

எங்கள் அப்பா மாட்டு வண்டி வைத்திருந்தார். இந்த ஊரில் ஐ.டி. கம்பெனிகள் வருவதற்கு ரொம்ப நாள் முன்னால், இந்தச் சாலைக்கு ராஜீவ் காந்தி சாலை என்ற பெயரெல்லாம் வராத காலம். சக்கரத்துக்கு மசகு போடுகிற நாள் எங்களுக்குத் திருவிழா மாதிரி. மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு, வண்டியை நெம்பி, அச்சுக்குக் கீழே தடித்த கட்டை ஒன்றை முட்டுக் கொடுப்பார். மறுபக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். பிறகுதான் கடையாணியைப் பிடுங்கிச் சக்கரத்தைக் கழற்றுவார். கட்டை போடும்வரை நாங்கள் யாரும் கிட்டே போகக் கூடாது. போனால் அடி விழும்.

திருப்போரூர் முருகன் கோயில் மாசித் தேரை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். வடம் பிடிப்பவர்களைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். சக்கரத்தை ஒட்டியே நடந்து, மரக்கட்டையைச் சக்கரத்துக்குக் கீழே செருகுகிறார்களே, அவர்களைப் பாருங்கள். தேர் நிற்பதும் திரும்புவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதுதான் முட்டுக்கட்டை. இன்றைக்கு ஒரு காரியத்தைக் கெடுப்பவனை 'முட்டுக்கட்டை போடுகிறான்' என்று திட்டுகிறோம். தேர்க்காரர்களைக் கேட்டால் அது உயிரைக் காக்கிற கட்டை என்பார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் முட்டுக்கட்டைக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

ஆக, பாரத்தைத் தூக்குவது ஒரு வேலை. தூக்கியதைத் தாங்குவது வேறு வேலை. நம் ஊர்க்காரர்கள் இரண்டையும் பிரித்தே வைத்திருந்தார்கள். இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. ஜாக்கியின் சரித்திரம் முழுக்க இதேதான்.

நெம்புகோலின் கணக்கை 2,200 ஆண்டுகளுக்கு முன்பே ஆர்க்கிமிடீஸ் எழுதி வைத்தார். அடுத்து வந்தது திருகு. லியனார்டோ டாவின்சியின் நோட்டுகளில் திருகு ஜாக்கியின் படம் இருக்கிறது. திருகில் ஒரு நன்மை உண்டு. சுற்றுவதை நிறுத்தினால் உராய்வினாலேயே அங்கேயே நிற்கும், தானாக இறங்காது. ஆனால் சுற்றிச் சுற்றிக் கை ஓய்ந்துவிடும்.

பிறகு 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் வந்தார். மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்றார். சிறிய குழாயில் மெல்ல அழுத்தினால் பெரிய குழாயில் பெரும் பாரம் எழும். இதை வைத்து இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-இல் ஹைட்ராலிக் அழுத்தப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார். நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜன் 1851-இல் அதையே கையில் தூக்கிப் போகிற ஜாக்கியாகச் செய்து காப்புரிமை பெற்றார். இன்று டயர்க் கடையில் நாம் பார்க்கும் ஜாக்கி அந்த வம்சம்தான்.

வேலை சுலபமாயிற்று. ஆனால் ஒன்றை இழந்தோம். திருகு ஜாக்கியில் பாரத்தைப் பிடித்து நிறுத்துவது இரும்புத் திருகு. ஹைட்ராலிக் ஜாக்கியில் பிடித்து நிறுத்துவது எண்ணெய். அந்த எண்ணெயைத் தடுத்து வைத்திருப்பது ஒரு ரப்பர் சீலும், மிளகு அளவு குண்டு உள்ள ஒரு வால்வும். சீல் தேய்ந்தாலோ, வால்வில் ஒரு துளி அழுக்கு சிக்கினாலோ பாரம் இறங்கும். சில சமயம் மெதுவாக இறங்கும். சில சமயம் ஒரே அடியாக.

இது தெரிந்த ஒரு பொறியாளரின் கதையைச் சொல்கிறேன். பிரிட்டனில் வேல்ஸ் பகுதியில் மெனாய் நீரிணைக்குக் குறுக்கே ராபர்ட் ஸ்டீபன்சன் பிரிட்டானியா ரயில் பாலத்தைக் கட்டினார். ரயில் உள்ளே புகுந்து போகும்படியான ராட்சச இரும்புக் குழாய்கள். ஒன்று 1,500 டன்னுக்கு மேல். அதைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து, ஹைட்ராலிக் பொறியால் சுமார் 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஸ்டீபன்சன் ஒரு கட்டளை போட்டார். குழாய் எழ எழ அதன் அடியில் இடைவெளி விடாமல் முட்டுக் கொடுத்துக் கட்டிக்கொண்டே வர வேண்டும். வேலை தாமதமானாலும் பரவாயில்லை.

1849 ஆகஸ்ட் மாதம் பாதி வேலையில் அந்தப் பொறியின் உருளை வெடித்தது. 1,500 டன் கீழே விழுந்தது. எவ்வளவு தூரம்? ஓர் அடிகூட இல்லை. அடியில் கட்டி வந்த முட்டின் மேல் உட்கார்ந்துகொண்டது. சேதத்தைச் சரிசெய்து மறுபடி தூக்கினார்கள். 1850-இல் அந்தப் பாலத்தில் ரயில் ஓடியது. உலகத்திலேயே பெரிய பொறியை வைத்துக்கொண்டும் அவர் அதை நம்பவில்லை. எங்கள் அப்பா செய்ததையேதான் அவரும் செய்தார்.

அமெரிக்காவில் சிகாகோ நகரம் தாழ்வான சதுப்பு நிலத்தில் இருந்தது. சாக்கடை ஓட வழியில்லை. 1850-களிலும் 60-களிலும் ஊரையே உயர்த்தினார்கள். 1860-இல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடத்தைச் சுமார் 6,000 திருகு ஜாக்கிகளும் 600 ஆட்களும் சேர்ந்து நாலரை அடிக்கு மேல் தூக்கினார்கள். உள்ளே கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. இது ஏதோ கதை மாதிரி இருக்கும். ஆனால் நம் சென்னையிலும் நடக்கிறது. மேலே மேலே சாலை போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது, வீடு பள்ளமாகிவிட்டது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு பலர் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். அந்த வேலை நடக்கும் இடத்தில் நின்று பாருங்கள். கொஞ்சம் தூக்குவார்கள், உடனே அடியில் அடுக்குவார்கள். மறுபடி கொஞ்சம் தூக்குவார்கள், மறுபடி அடுக்குவார்கள்.

இப்போது காருக்கு வருவோம். ஆரம்பகாலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. பஞ்சரானால் நடுரோட்டில் உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான். 1904-இல் வேல்ஸில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்று வளையச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர்தான் நாம் இன்றைக்கும் சொல்கிற 'ஸ்டெப்னி'. இங்கிலாந்தில் அந்தச் சொல்லை மறந்துவிட்டார்கள். நம் ஊர் மெக்கானிக் மறக்கவில்லை.

அந்தக் காலத்துக் கார் உயரமானது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி தரையிலிருந்து கால் மீட்டர் அளவு எழும்பி நின்றது. ஜாக்கியை வைக்கக் குனிந்தாலே போதும். கார் ஏன் தாழ்ந்தது? வேகத்துக்காக. பாரத்தின் மையம் கீழே இருந்தால்தான் வளைவில் வண்டி கவிழாது. குடத்தைத் தலையில் வைத்துத் திரும்புவதற்கும் இடுப்பில் வைத்துத் திரும்புவதற்கும் உள்ள வித்தியாசம். 1960-களில் ஃபோர்டு செய்த பந்தயக் காருக்கு ஜி.டி. 40 என்று பெயர் வந்ததே அதன் உயரம் 40 அங்குலம் என்பதால்தான். நம் எல்.கே.ஜி. பிள்ளையின் உயரம்.

நம் பக்கத்துக்கும் இந்தச் சரித்திரத்தில் இடம் உண்டு. 1948-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை வண்டலூர்ப் பக்கம் இருந்தது. கேளம்பாக்கம் போய்த் திரும்பினால் வண்டலூர் எவ்வளவு தூரம்? அங்கே 1961 முதல் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உங்கள் தாத்தாக்களைக் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார்கள். முன்பக்கம் முழுவதும் அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். இத்தாலியரான மிக்கலோட்டி வடிவமைத்த கார். இதே ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். நம் ஊர் குடும்பக் காரும் அவர்கள் ஊர் பந்தயக் காரும் பங்காளிகள்.

சென்னையில் 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் பந்தயம் நடத்தினார்கள். ஆயிரக்கணக்கில் கூட்டம் கூடும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் கட்டி 1990-இல் திறந்தார்கள். கோவைக்காரர் கரிவரதன், மாருதி 800 எஞ்சினை வைத்து, ஏழை நாட்டுப் பிள்ளைகளும் ஓட்டக்கூடிய 'ஃபார்முலா மாருதி' பந்தயக் காரைச் செய்தார். 1995-இல் சிறு விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்த ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தாழ்ந்த கார் பிறந்த இடம் அதுதான். அங்கே தரை சிமெண்டு. சுற்றிலும் ஆட்கள். சக்கரம் வைத்த நீண்ட நெம்புகோல் ஜாக்கியை முன்னால் செருகி ஒரே அமுக்கில் தூக்குவார்கள், டயரை மாற்றுவார்கள், இறக்குவார்கள். அந்த ஜாக்கியை நம்பி யாரும் அடியில் படுப்பதில்லை. இப்போது அந்தக் கார் மட்டும் நம் வீட்டுக்கு வந்துவிட்டது. தரையும், ஆட்களும், பழக்கமும் கூட வரவில்லை.

இன்னொன்று. லாரியோ ஜீப்போ ஜாக்கியிலிருந்து நழுவி, நான்கு சக்கரமும் மாட்டியபடி விழுந்தால், அடியில் கொஞ்சமாவது இடைவெளி இருக்கும். ஸ்போர்ட்ஸ் காரின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் அரைச் சாண்தான். மல்லாந்து படுத்த மனிதனின் மார்பு ஒரு சாண். இந்தக் கணக்கைப் போட ஆசிரியர் பயிற்சி தேவையில்லை.

இப்போது ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். 'எளிய இயந்திரங்கள்' பாடத்தை எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். குறைந்த விசையால் அதிகப் பாரத்தை எப்படித் தூக்குவது என்று படம் போட்டு, கணக்குப் போட்டுச் சொல்லிக் கொடுத்தேன். தூக்கிய பிறகு எது தாங்கும் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை. பாடப் புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. அப்பாவின் கட்டை எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தப் பாடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு பையன், மழைக்காலத்தில் வீட்டு வாசலில் சொந்தக்காரர் வேனைத் தூக்கினான். ஈர மண்ணில் பாதிச் செங்கல், அதன் மேல் ஜாக்கி. செங்கல் மண்ணில் இறங்கியது. வலது கையில் இரண்டு விரல் போனது. இன்று மளிகைக் கடை வைத்து நன்றாக இருக்கிறான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் இடது கையைத்தான் முதலில் நீட்டுவான், எனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று. அவன் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், நாலு பேர் பார்க்கட்டும்" என்றான்.

ஆகவே விட்டுப்போன பாடத்தை இன்றைக்கு நடத்திவிடுகிறேன். தாழ்ந்த காரை வீட்டில் தூக்கும் முறை.

முதலில் தரை. சமமான, கெட்டியான சிமெண்டுத் தரை. சரிவு கூடாது. மண், மணல், டைல்ஸ் வேண்டாம்.

இரண்டாவது, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் நிறுத்தி, தூக்காத பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை. ஹேண்ட் பிரேக் பெரும்பாலான கார்களில் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அது பிடித்தும் பயனில்லை. கட்டை ஒன்றுதான் காவல்.

மூன்றாவது, சக்கரம் கழற்றப் போகிறீர்கள் என்றால், வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு பலம் போட்டால் வண்டி ஆடும்.

நான்காவது, ஜாக்கி உள்ளே நுழையவில்லை என்று கண்ட இடத்தில் வைக்காதீர்கள். இரண்டு அகலமான பலகைகளைத் தரையில் போட்டு, தூக்கப் போகும் பக்கத்துச் சக்கரங்களை அதன் மேல் மெல்ல ஓட்டி ஏற்றுங்கள். நாலு செ.மீ. உயரம் கிடைத்தாலே பெரிய வித்தியாசம். பிறகு கட்டைகளை நெருக்கி வையுங்கள். இல்லையென்றால் தாழ்ந்த கார்களுக்கென்றே தட்டையான டிராலி ஜாக்கி விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

ஐந்தாவது, ஜாக்கி வைக்கும் இடம். ஹெரால்டு மாதிரித் தனிச் சேசிஸ் இருந்த காலத்தில் அந்த இரும்புச் சட்டம் கண்ணுக்குத் தெரியும். இன்றைய கார்களில் உடம்பே சட்டம். பலமான இடங்கள் சிலதான் இருக்கின்றன. காரோடு வரும் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் கதவுக்குக் கீழே ஓடும் தகட்டு விளிம்பில் குறி இருக்கும். அந்த விளிம்பு நசுங்காமல் இருக்க, பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையை இடையில் வையுங்கள். ஆயில் தொட்டி, தரைத் தகடு, பிளாஸ்டிக் ஓரம் இவற்றில் வைத்தால் காரும் போகும், நீங்களும் போவீர்கள்.

ஆறாவது, டிராலி ஜாக்கியின் கை வளைவாகத்தான் எழும். எழும்போது ஜாக்கி தன் சக்கரத்தில் கொஞ்சம் நகர வேண்டும். நகர வழியில்லாமல் கல்லோ துணியோ தடுத்தால், ஜாக்கியின் தலை காரிலிருந்து நழுவும்.

ஏழாவது, இதுதான் முக்கியம். தூக்கியவுடன் அந்தப் பக்கம் இரண்டு ஓரத்திலும், புத்தகம் சொல்லும் இடத்தில், ஜாக்கி ஸ்டாண்டு வையுங்கள். பின்னைப் போட்டுப் பூட்டுங்கள். ஜாக்கியை இறக்கி, பாரம் முழுவதும் ஸ்டாண்டின் மேல் உட்காரட்டும். காரைக் கையால் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதானால் நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும். கழற்றிய சக்கரத்தை ஓரத்தில் காருக்கு அடியில் படுக்கப் போடுங்கள். அது கடைசிக் காவல்.

ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் வைக்காதீர்கள். பாலத்தில் கட்டி வந்தார்களே என்று கேட்பீர்கள். அது பாரம் முழுவதும் பரவும்படி கட்டியது. ஒற்றைக் கல்லின் மேல் இரும்பு முனை அழுத்தினால், அது முன்னறிவிப்பு இல்லாமல் பொடியாகும். டிக்கியில் இருக்கும் சின்னத் திருகு ஜாக்கி பஞ்சருக்கு மட்டும்தான். திருகு இறங்காது, ஆனால் அதன் அடி குறுகல், சாய்ந்துவிடும்.

எட்டாவது, வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு அடியில் போங்கள். தனியாக இருக்கும்போது வேண்டாம்.

அந்தப் பையன் அன்றைக்கே இரண்டு ஸ்டாண்டு வாங்கிவிட்டான். நேற்று போட்டோ அனுப்பியிருந்தான். சிவப்புக் கார் ஸ்டாண்டின் மேல் நிற்கிறது, எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. படத்துக்குக் கீழே ஒரே வரி: "டீச்சர், உங்க அப்பா கட்டை போட்டாச்சு."

அப்பா போய் ரொம்ப வருஷம் ஆகிறது. அந்த வரியைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

உங்கள் குடும்பக் குழுவில் இதைப் பகிருங்கள். மெக்கானிக் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் இதில் திருத்தமோ சேர்க்க வேண்டியதோ இருந்தால் கீழே எழுதுங்கள். டீச்சருக்கும் நீங்கள் பாடம் நடத்தலாம்.

எல்லாரும் நல்லா இருங்க பிள்ளைங்களா.

உங்கள் டீச்சர்,
நாவலூர்.